ஸ்டார்ட் பண்ணதும் 'டிக் டிக்', ஏசி போட்டா 'கீச்'. எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: பெட்ரோல் கார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேல்பக்கம் டிக் டிக் சத்தம், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வேகமாகிறது. சூடானதும் அடங்கிவிடுகிறது. ஏசி போட்டால் பெல்ட் பக்கம் கீச்சென்கிறது.

பதில் 1: முதலில் ஆயில் பாருங்க. சமதளத்தில் நிறுத்தி, ஆஃப் செய்து 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்க. ஆயில் குறைந்தால் ஹைட்ராலிக் லிஃப்டருக்கு (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) அழுத்தம் போதாமல் வால்வு தட்டும். அளவு சரியா? அப்போ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டாக (இன்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) இருக்கலாம். குளிரில் இடுக்கு வழியாகப் புகை தெறிக்கும், உலோகம் சூட்டில் விரிந்ததும் அடைபடும். இணைப்பில் கரிப்படிவம் இருந்தால் அதுதான்.

பதில் 2: கீச் சத்தத்துக்கு, இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளிங்க. கை, துணி கிட்டே போகக்கூடாது. சத்தம் நின்று மறுபடி வந்தால் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நேராக இல்லை. கூடினால் பெல்ட் வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்க. டென்ஷனர் தளர்ந்திருக்க, பெல்ட்டை மட்டும் மாற்றினால் கீச் திரும்பிவிடும்.

பதில் 3: ஒன்று மட்டும் கவனம். டிக் மாறி, கீழிருந்து கனமாக 'டொக் டொக்' என்று லோடில் வந்தால் ராடு பேரிங் (பிஸ்டன் தண்டின் அடியில் உள்ள பேரிங்) தேய்ந்திருக்கலாம். இதுவோ, ஆயில் விளக்கு எரிவதோ, எது நடந்தாலும் உடனே ஆஃப் செய்து டோ பண்ணுங்க, ஓட்டாதீங்க. இன்ஜினின் முக்கிய சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டே தேய்ந்துவிடும்.