25 சதவீத லீப் படித்தொகை அமெரிக்கப் புலனாய்வு அதிகாரிகளைத் தக்கவைக்கிறதா?

மணிமுத்து:
அமெரிக்க மத்திய அரசின் குற்றப் புலனாய்வு அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு 25 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் லீப் (LEAP, சட்ட அமலாக்கப் பணிக்குத் தயாராக இருப்பதற்கான) படி, 1994இல் சட்டமானது. வேலை நாளுக்குச் சராசரியாக 2 மணி நேரம், முன்கூட்டித் திட்டமிடாத பணிக்காக அவர்கள் உழைக்க வேண்டும் அல்லது அழைத்தால் வரத் தயாராக இருக்க வேண்டும். இதைச் சலுகை என்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மணி நேரத்துக்கு மேல் 2 மணி நேரம் என்றால் வேலையும் 25 சதவீதம் கூடிவிடுகிறது. ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுத்தால் 37.5 சதவீதம் வரும். நிதி மோசடி, சைபர் வழக்குகளில் தேர்ந்தவர்களை வங்கிகள் அள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? படியை 35 சதவீதமாக்க வேண்டும்.

செந்தாமரை:
மணிமுத்து, "தயாராக இருக்க வேண்டும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரமும் கணக்கில் சேர்வதால், பணம் வாங்கும் ஒவ்வொரு மணி நேரமும் உழைத்த நேரம் ஆகாது. அதைவிடப் பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். லீப் படி ஓய்வூதியக் கணக்கிலும் சேர்கிறது, சாதாரண ஓவர்டைம் சேராது. 20 ஆண்டு பணி முடித்தால் 50 வயதில் ஓய்வு பெறலாம். ஓய்வூதியமும் முதல் 20 ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சராசரிச் சம்பளத்தில் 1.7 சதவீதம் வீதம். 12ஆம் ஆண்டில் வெளியேறுபவர் இதையெல்லாம் இழக்கிறார். ஆளைப் பிடித்து வைப்பது இந்த ஓய்வூதியம்தான். அதே வழக்கில் இரவு பகலாக உட்காரும் பகுப்பாய்வாளருக்கு இந்தப் படியே கிடையாது. அவரை விட்டுவிட்டு இவர்களுக்கு மட்டும் மேலும் கூட்டுவது நியாயமில்லை.

மணிமுத்து:
பகுப்பாய்வாளர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தணிகை:
இருவருமே உச்சவரம்பைப் பேசவில்லை. சம்பளமும் கூடுதல் படிகளும் சேர்ந்து பொதுவாக அரசுச் சம்பள அட்டவணையின் உச்சியான கிரேடு 15, ஸ்டெப் 10 சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி (கிரேடு என்பது பதவி நிலை, ஸ்டெப் என்பது அதற்குள் இருக்கும் சம்பள நிலை). 2024 அட்டவணையில் வாஷிங்டன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு 13, ஸ்டெப் 10 சம்பளம் 1,53,354 டாலர். 25 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,91,690. உச்சவரம்பு 1,91,900! பதவி உயர்வு பெற்று 14, 15 என்று போகிறவருக்கு அதற்குமேல் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. குழுவுக்குப் பொறுப்பேற்று, தவறு நடந்தால் பதில் சொல்லி, கீழே வேலை செய்பவர் வாங்கும் அதே தொகையை வாங்குகிறார். படியை 35 ஆக்கினாலும் அவருக்கு ஒரு டாலர்கூட அதிகம் கிடைக்காது.

செந்தாமரை:
உச்சவரம்பு எல்லோருக்கும் பொதுவானது, தணிகை. இவர்களுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டால், தமக்கு மேலே இருக்கும் உயர்நிலை நிர்வாகிகளைவிட இவர்கள் அதிகம் வாங்க நேரும். அப்புறம் ஒவ்வொரு துறையும் விலக்கு கேட்டு வரும்.

தணிகை:
விலக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது. தேர்தல் காலத்தில், அதிபரையும் வேட்பாளர்களையும் காக்கும் சீக்ரட் சர்வீஸ் அதிகாரிகள் வரம்பை முட்டிக்கொண்டு சம்பளமே இல்லாமல் ஓவர்டைம் பார்த்தார்கள். அவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே போட்டார்கள். மற்றத் துறையெல்லாம் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. நீங்கள் சொன்ன ஓய்வூதியத்தையே பாருங்கள். 20 ஆண்டு முடிந்தபின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 சதவீதம்தான் கூடும். கட்டாய ஓய்வு 57 வயதில். நடுவில் இருக்கும் அந்த 7 ஆண்டுகள்தான் அனுபவம் முதிர்ந்த காலம். சம்பளமும் நின்றுபோய், ஓய்வூதியமும் மெல்ல ஊரும்போது 50 வயதுக்காரர் ஏன் இருக்க வேண்டும்? செலவு மிகுந்த நகரங்களில், புலனாய்வுக் குழுக்களின் மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்துங்கள் என்கிறேன். அதற்கு ஆகும் தொகை, மணிமுத்து கேட்கும் உயர்வில் சிறு பங்குதான்.

மணிமுத்து:
மேலே இருப்பவர்களுக்கு அது உதவும், சரி. கிரேடு 9, 11இல் சேர்ந்து, இரண்டு மூன்று ஊர் மாற்றலுக்குப் பிறகு குடும்பத்தோடு தவிக்கும் இளையவருக்கு உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது? 50 வயது அவருக்கு இன்னும் 20 ஆண்டு தள்ளி. அதற்குள்தான் அவர் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார்.