'அன்மெட் நீட்'டுக்கு என்ன சொல்? தீராத் தேவை, எட்டாத் தேவை, இல்ல முட்டா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

ரெண்டு நாளா இந்த இழையப் படிச்சுக்கிட்டேதான் இருக்கேன், 'அன்மெட் நீட்'டுக்கு (unmet need, அதாவது சந்தையில இருக்கற எந்தப் பொருளும் தீத்து வெக்காத தேவை) ஏழு சொல் வந்திருக்கு, ஒண்ணும் ஒட்டல. தமிழ் வழி மெக்கானிக்கல் பசங்களுக்கு ப்ராடக்ட் டெவலப்மென்ட் பாடம் எழுதுறோம், முதல் அத்தியாயத்துல பக்கத்துக்கு நாலு தடவ இந்தச் சொல் வருது, ஒவ்வொரு தடவையும் விளக்கம் எழுதிக்கிட்டு இருக்க முடியாது. நீளமாப் போச்சுன்னா மன்னிச்சுக்குங்க.

> பூர்த்தி செய்யப்படாத தேவைன்னு வெச்சுட்டுப் போலாமே, எல்லாருக்கும் புரியுதில்ல?

புரியுது அண்ணே. ஆனா அத்தியாயத் தலைப்பு எழுதிப் பாருங்க: 'பூர்த்தி செய்யப்படாத சந்தைத் தேவைகளின் அடிப்படையில் புதிய பொருட்களை உருவாக்குதல்'. மூச்சு வாங்குது. கலைச்சொல்லுன்னா முன்னாடியும் பின்னாடியும் இன்னொரு சொல்லக் கோக்க முடியணும், இதுல ஒரு 'இன்' சேக்கவே இடமில்ல.

> தீராத் தேவை

காதுக்கு நல்லா இருக்கு. ஆனா தீராத நோய், தீராத ஆசைன்னு பேசிப் பழகினவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் அடங்காத தேவைன்னுதான் படும். நாம சொல்ல வர்றது அதுக்கு நேர் எதிர், சரியான பொருள் ஒண்ணு வந்துட்டா அன்னிக்கே தீந்துடற தேவை.

> எட்டாத் தேவை (நடுவுல 'த்' போட மறந்துடாதீங்க)

நேத்து ராத்திரி வரைக்கும் நான் இந்தக் கட்சிதான். ஏன்னா நம்ம ஊர் உதாரணம் நெறைய இதுல அப்படியே உக்காருது. கண்புரை ஆபரேஷன எடுத்துக்குங்க. கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸ் உலகத்துல இல்லாம இல்ல, வெளிநாட்டுல 100 டாலருக்கு மேல வித்துச்சு, நம்ம கிராமத்து ஆளுக்கு புரைய எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடிய மாட்டி அனுப்புறதுதான் வழக்கமா இருந்துச்சு. 1992-ல மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனைக்காரங்க ஆரோலேப் ஆரம்பிச்சு அந்த லென்ஸ இங்கயே செஞ்சு 10 டாலர் கணக்குக்குக் கொண்டு வந்தாங்க, அப்புறம் அது இன்னும் எறங்குச்சு. ஷாம்பூ கதையும் அதேதான். பாட்டில் கடையில இருந்துச்சு, தினக்கூலி வாங்குறவங்களால ஒரு பாட்டில் மொத்தமா வாங்க முடியல, ஒரு குளியலுக்கு எவ்வளவோ அவ்வளவு போதும். கடலூர் சின்னி கிருஷ்ணன் பாக்கெட்ல அடைச்சார், அவர் மகன் ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட தனியா வந்து சிக் ஷாம்பூ போட்டார், 1999-ல அத 50 காசுக்கும் குடுத்தாங்க. ஷாம்பூவ யாரும் புதுசாக் கண்டுபிடிக்கல, அளவதான் கண்டுபிடிச்சாங்க.

ஆனா இலக்கணம் இடிக்குது. எட்டாக்கனின்னா எட்டாதது கனி. அப்போ எட்டாத் தேவைன்னா எட்டாதது தேவையா? தேவை நம்ம கூடவேதான இருக்கு, எட்டாம இருக்கறது பொருள்! கோயில் விளக்கு நெய்க்கு விட்ட ஆட்டக் கல்வெட்டுல 'சாவா மூவாப் பேராடு'ம்பாங்க, சாகாததும் கிழடாகாததும் அந்த ஆடேதான். இந்த வகைப் பெயரெச்சத்துல யாருக்கு என்னன்னு தெளிவா இருந்தாத்தான் சொல் நிக்கும்.

சரி இலக்கணத்த விடுங்க, அதவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. கோவை முருகானந்தம் சானிட்டரி நாப்கின் மெஷினுக்கு எறங்கினப்போ எந்தப் பொண்ணும் அவர்கிட்ட வந்து எனக்கு மலிவா வேணும்னு கேக்கல. வீட்டுக்காரம்மா பழந்துணிய மறைச்சு எடுத்துட்டுப் போறதப் பாத்துதான் ஆரம்பிச்சார், செஞ்சு குடுத்தாலும் எப்படி இருக்குன்னு வாயத் தொறந்து சொல்ல ஆளில்லாம கடைசில ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்த ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு அவரே சோதிச்சுப் பாத்தார். வாய்விட்டுக் கேட்டு கிடைக்காமப் போனது ஒரு வகை, கேக்கணும்னே தோணாம காலம் ஓட்டுறது வேற வகை. இங்கிலீஷ்காரன் ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டிட்டான், நாமளும் கட்டித்தான் ஆகணும், ஆனா அந்த மூட்டைக்கு 'நிறைவேறாத' 'கிடைக்காத'ன்னு பேர் வெச்சா கேட்டவங்க மட்டும்தான் உள்ள வருவாங்க.

எங்க பெரியப்பா கோவை கணபதில கிரைண்டர் லைன்ல முப்பது வருஷம் இருந்தவர். நேத்து போன் போட்டு, புது மாடல் போடணும்னா எதப் பாத்து முடிவு பண்ணுவீங்கன்னு கேட்டேன். "முடிவு என்ன கண்ணு பண்றது, எங்க முட்டுதுன்னு பாப்போம், சர்வீசுக்கு வர்றவங்க சொல்லுவாங்க, சொல்லாட்டியும் கிரைண்டரப் பாத்தாத் தெரியும், ஒண்ணுல துணி சுத்தியிருக்கும், ஒண்ணுல கயிறு கட்டியிருக்கும், அப்படி ஒப்பேத்தியிருந்தாங்கன்னா அங்கதான் முட்டுதுன்னு அர்த்தம்."

அவ்வளவுதாங்க, நான் தேடினது இதுதான்.

யோசிச்சுப் பாருங்க, 1955-ல இதே கோவையில சபாபதிங்கறவர் வெட் கிரைண்டரக் கொண்டு வந்தப்போ ஆட்டுக்கல் இல்லாத வீடு ஏது? மாவு கிடைக்காம யாரும் இல்ல. முட்டினது கையும் தோளும், விடியக்காலம் போற ஒரு மணி நேரமும். மோட்டார் வந்து கல்லு சுத்துச்சு, குழவி நின்னுச்சு. அப்புறம் அந்தக் கல்லத் தூக்கிக் கழுவுறது முட்டுச்சு, சாய்க்கிற மாதிரி டில்டிங் கிரைண்டர் வந்துச்சு. ஃபிளாட்டுக்குக் குடி போனப்போ எடம் முட்டுச்சு, டேபிள் டாப் வந்துச்சு. முந்தின பொருளே அடுத்த முட்டக் கொண்டு வந்து நிறுத்துது, 'தேவை'ங்கற சொல்ல வெச்சு இத எழுதவே முடியல, நான் எழுதிப் பாத்தேன்.

முட்டு ஒண்ணும் புதுச் சொல்லும் இல்ல. கையில காசில்லன்னா கைமுட்டா இருக்குன்னு இன்னும் சொல்றோம், முட்டுப்பாடுன்னா தட்டுப்பாடுன்னு அகராதியிலயே இருக்கு, கோயில் விளக்குக்கு ஆடு விட்ட கல்வெட்டுல எல்லாம் 'முட்டாமல்' எரிக்கணும்னு வரும், அதாவது தடைபடாம, குறை வராம.

ஆக என் முன்மொழிவு: சந்தையில இருக்கறது சந்தைமுட்டு, அதக் கண்டுபிடிக்கிறது முட்டறிதல், அத்தியாயத் தலைப்பு முட்டுவழிப் பொருளாக்கம். கூடவே 'ஒர்க்கரவுண்ட்'டுக்கு, அதாவது கையில இருக்கறத வெச்சு சமாளிக்கறதுக்கு, ஒப்பேத்தல், இது இலவசம்.

---

> முட்டு ஒண்ணும் புதுச் சொல்லும் இல்ல

சார், நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க சோஷியல் மீடியா பக்கம் வர்றதில்ல போல. இன்னிக்கு எந்தப் பையன்கிட்டயும் முட்டுன்னு சொன்னா கட்சிக்காரன் தலைவருக்கு முட்டுக் குடுக்கறதுதான் ஞாபகம் வரும், கிளாஸ்ல சந்தைமுட்டுன்னு போர்ட்ல எழுதினா முதல் பெஞ்சே சிரிக்கும். இன்னொண்ணு, இதே 'அன்மெட் நீட்' மக்கள்தொகைக் கணக்குலயும் இருக்கு. குழந்தை இப்போதைக்கோ இனிமேலோ வேணாம்னு நினைக்கிற, ஆனா கருத்தடை எதுவும் பயன்படுத்தாத கல்யாணமான பெண்கள் எவ்வளவு பேர்னு பாக்கற அளவு அது, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல இந்தியா முழுக்க 9.4 சதவீதம். அங்க போய் 'குடும்பக் கட்டுப்பாட்டு முட்டு'ன்னு எழுதுவீங்களா? யாரோ தடை போடறாங்கன்னு ஆயிடும்.

---

ரெண்டாவது நியாயம், ஒத்துக்கறேன். அங்க 'நிறைவுறாத் தேவை'ன்னே இருக்கட்டும், அது எண்ணிச் சொல்ற அளவு, இது பட்டறையில நோண்டித் தேடுற விஷயம், இங்கிலீஷ்ல ஒரே சொல்லுங்கறதுக்காக நாமளும் ஒண்ணுதான் வெக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

முதலாவதுக்கு, சிரிச்சா சிரிக்கட்டும் சார், சிரிச்ச சொல் மறக்காது. முட்டுன்னு தனியா விடாம எப்பவும் சந்தைமுட்டுன்னு சேத்தே எழுதிடறேன், அப்போ தலைவர் உள்ள வரமாட்டார். கலைச்சொல் பட்டியல்ல இன்னிக்கு ராத்திரி ஏத்திடறேன், பக்கத்துல 'பரிசீலனையில்'னு போட்டு. ஒண்ணு மட்டும் யாராவது சொல்லுங்க, ஒப்பேத்தல்னு பேசற மாதிரியே வெக்கலாமா, இல்ல ஒப்பேற்றல்னு சட்டை மாட்டி விடணுமா? எனக்கு 'த்' போட்டாத்தான் அந்தக் கயிறு கட்டின கிரைண்டர் கண்ணுல தெரியுது.