"முழு இருதயத்தோடும்" பாடத்தில் நம்ம ஊர்க் கதைகளைச் சேர்க்கலாமா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இந்த வருஷ வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) எனக்குப் பெரிய பிள்ளைகள் வகுப்பு. ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள். மனப்பாட வசனம் உபாகமம் 6:5, கர்த்தரிடத்தில் அன்புகூரச் சொல்கிற வசனம். "உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். சரி, முழு இருதயம் என்றால் என்னடா என்று கேட்டால் எல்லோரும் சீலிங் ஃபேனைப் பார்ப்பார்கள்.

பிள்ளைகளில் பாதிப் பேர் கடலூர். மீதிப் பேர் முள்ளோடை, கன்னியக்கோயில், பாகூர் பக்கம். ஒரே சபை, ஆனால் ரேஷன் கார்டு வேறு வேறு: ஒன்று தமிழ்நாடு, மற்றது புதுச்சேரி. 6:7-இல் வழியில் நடக்கிறபோதும் இதைப் பேசு என்று வருகிறது. நம் பிள்ளைகளுக்கு வழி என்றால் புதுச்சேரி ரோடுதானே? பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடையில் ஆட்சியே மாறுகிறது. பெட்ரோல் விலை இறங்குகிறது, ஒயின்ஷாப் போர்டுகள் வரிசை கட்டுகின்றன. (எந்த பங்க்கில் அப்பா டேங்க் நிரப்புவார் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.) இப்படி நம்ம ஊர் விசித்திரங்களை வைத்தே பாடத்தைக் கொண்டுபோக நினைக்கிறேன். சபை மூப்பர் ஒருவர், "வேதத்தைச் சொல்லும்மா, ஜி.கே. எதுக்கு?" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வில்லியனூர்க்காரன்:
நான் கத்தோலிக்கன், மறைக்கல்வி எடுக்கிறேன். தாராளமாகச் செய்யுங்கள் டீச்சர். எங்கள் லூர்து மாதா கோயிலுக்கு முன்னால் குளம் இருக்கிறது, சிவன் கோயில் குளம் மாதிரியே படிக்கட்டோடு. வெளியூர்க்காரர்கள் அதைத்தான் முதலில் படம் எடுப்பார்கள்.

உங்கள் "முழு"வுக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலம்; 1954 அக்டோபர் 18-இல் எங்கள் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி நாம் அப்போதும் பிரான்சுதான்! 1956-இல் ஒப்பந்தம் போட்டார்கள், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. கொடி இறங்கிவிட்டது, பத்திரம் மட்டும் எட்டு வருஷத்துக்குப் பழைய பெயரிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்துவிட்டு மனசை வேறு எங்கோ எழுதி வைத்திருப்பதும் இதேதான் என்று என் வகுப்பில் சொல்வேன். மாஹே கேரளாவில், யானம் ஆந்திராவில், காரைக்கால் தெற்கே; இப்படிச் சிதறிக் கிடந்தாலும் ஒரே அரசு என்பதையும் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

ஓ.டி. பழைய ஆள்:
தம்பி சொன்ன பத்திரக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால், நாம் எழுதிக் கொடுத்த பிறகுதான் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளும். 1 யோவான் 4:19 என்ன சொல்கிறது? அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தார். அதை முதலில் சொல்லிவிட்டுக் கீழூருக்குப் போங்கள். மூப்பருக்கும் அந்தப் பயம்தான் இருக்கும், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கடலூர் ஓல்டு டவுன் பக்கத்துக் கதை ஒன்று. கீர்நாந்தர் என்கிற மிஷனெரி 1740-இல் இங்கே வந்தார். 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரையும் இங்கிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடித்தது, மனுஷன் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டார். மூன்று வருஷம் கழித்து ஆட்டம் திரும்பியது. 1761-இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பாண்டிச்சேரியைப் பிடித்து, அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் மதராசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதை ஓட்ட அங்கே ஆள் இல்லை. மதராஸ் வேப்பேரியில் இருந்த மிஷனெரி ஃபப்ரீசியுஸ் கையில் கொடுத்தார்கள், சர்க்கார் வேலை வந்தால் அதையும் அடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சாகி வந்தது. அவர் அந்த மொழிபெயர்ப்பிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர். முழுப் பலத்தோடும் என்பதற்கு ஆள் தேடினால் அவரைக் காட்டலாம்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
ஐயா, சண்டையில் தூக்கிப் போன மிஷின் வேப்பேரி மிஷனுக்குப் போன கதை எனக்கு இதுவரை தெரியாது. பாண்டிப் பிள்ளைகளும் கடலூர்ப் பிள்ளைகளும் "யாரு மிஷின்?" என்று கட்டாயம் சண்டை போடுவார்கள், போடட்டும். அப்போது அதே 1 யோவான் நாலாம் அதிகாரம் இருபதாம் வசனத்துக்குப் போய்விடலாம்: கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமல் காணாத தேவனிடத்தில் எப்படி?

முதல் நாள் 4:19, இரண்டாம் நாள் கீழூர் என்று வைத்துக்கொள்கிறேன். வில்லியனூர் அண்ணா, அந்த 8 பேர் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதற்கும் ஒரு பதில் தயார் பண்ணித் தாருங்கள். அச்சு மிஷின் கதையை மூப்பரையே வந்து சொல்லச் சொல்லப் போகிறேன். ஜி.கே. என்று அவர் எப்படித் தட்டிக் கழிக்கிறார் என்று பார்க்கலாம்.