தொட்டி வாழையின் அடி இலைகள் கருகுகின்றன: வாடல் நோயா?

கேள்வி (தருமபுரி)
வணக்கம். மொட்டை மாடியில் 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து வைத்த ரஸ்தாளிக்கு எட்டு மாதம் ஆகிறது. மாசி வரை செழிப்பாக நின்ற மரத்தில், பங்குனி பிறந்ததிலிருந்து அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளாகி, பின் பழுப்பாகக் கருகி, அந்தக் கருகல் நடு நரம்பை நோக்கி நகர்கிறது. தினமும் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ரஸ்தாளிக்கு வாடல் நோய் எளிதில் வரும் என்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா அடுப்புச் சாம்பல் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில் (காவேரிப்பட்டினம்)
சாம்பலை இப்போது போட வேண்டாம். வாடல் நோயாக இருந்தால் இலைக்காம்பு தண்டை ஒட்டிய இடத்தில் மடிந்து தொங்கும். பல மரங்களில் அடித்தண்டு நீளவாக்கில் வெடிக்கும். வெளிப்பட்டை ஒன்றை அடியில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். செம்பழுப்பு இழைகள் தெரிந்தால் நோய் என்றே சந்தேகிக்க வேண்டும். கத்தியைக் கழுவாமல் வேறு வாழையில் வைக்காதீர்கள். குருத்திலை எந்த நிறத்தில் இருக்கிறது, ஊற்றிய தண்ணீர் அடியில் வடிகிறதா என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்
வெட்டிப் பார்த்தேன் ஐயா, பட்டை வெள்ளையாகவே இருக்கிறது, வெடிப்பும் இல்லை. குருத்திலை வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன. டிரம்மின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறது. அடித்துளையை வேர் அடைத்திருக்கிறது. பக்கக்கன்றுகள் மூன்று உள்ளன. எங்கள் பகுதித் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது காரணமாகுமா?

பதில் (காவேரிப்பட்டினம்)
எனக்கு ஃபுளோரைடைவிட உப்பின் மீதே சந்தேகம். அந்த வெள்ளைப் பொருக்கும் அடைபட்ட துளையும் சேர்ந்து அதைத்தான் காட்டுகின்றன. தோட்டத்து மண்ணில் சேரும் உப்பை மழை கீழே இறக்கிவிடும். டிரம்மிலோ தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் நாள்தோறும் கூடிக்கொண்டே இருக்கும், அது இலை ஓரத்தில் போய்ச் சேர்ந்து கருக்கும். மண்ணில் சோடியம் மிகுந்தால் வேர் சாம்பல்சத்தை (பொட்டாசியத்தை) எடுப்பதும் குறையும், அதன் அறிகுறியும் முதிர்ந்த இலைகளின் ஓரத்திலேயே தொடங்கும். குருத்து வெளிறுவது இரும்புச்சத்து கிடைக்காததால். காரத்தன்மையுள்ள தண்ணீரில் இது வழக்கம். அடுப்புச் சாம்பல் அந்தக் காரத்தை இன்னும் கூட்டும் என்பதால்தான் தடுத்தேன்.

முதலில் துளையைத் திறந்து, டிரம்மைச் செங்கல் மேல் உயர்த்துங்கள். பிறகு மழைநீரோ உப்பில்லாத வேறு தண்ணீரோ கிடைத்தால், மண் அளவைப்போல் இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். இதைச் செய்யாமல் உரம் போட்டால் உப்பின் மேல் உப்பாகத்தான் முடியும். அதன்பின் சாம்பல்சத்துக்காக சல்பேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தைச் சிறிதளவு கொடுங்கள். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் இந்த மரத்துக்கு வேண்டாம். இரும்புச்சத்துக்கு, லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டைக் கரைத்து மாலையில் இலைகளில் தெளிக்கலாம். கன்று ஒன்று போதும். கருகிய இலை மறுபடி பச்சையாகாது, புதிய இலையைப் பார்த்தே முன்னேற்றத்தை முடிவு செய்யுங்கள்.

பதில் (ஓசூர்)
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்னாளில் எப்போதாவது அந்தச் செம்பழுப்பு இழைகள் தென்பட்டால், மரத்தை எடுத்துவிட்டு அந்த மண்ணில் மீண்டும் வாழை வைக்காதீர்கள். வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். நான் அறியாமல் அந்த மண்ணை அடுத்த தொட்டிக்கு மாற்றி, இரண்டாவது கன்றையும் இழந்தேன். ஐயம் தீராவிட்டால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)
துளையைத் திறந்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் வெகுநேரம் வடிந்தது. அதன்பின் விரிந்த இரண்டு இலைகளில் முதலாவது சற்று வெளிறியும், இரண்டாவது ஓரம் வரை பச்சையாகவும் இருக்கின்றன. இருவருக்கும் நன்றி.