மலையில் வீட்டு டெமோ: பையில் எதை வைப்பது, எதை விடுவது?

கோத்தகிரிக்காரி

சமையலறைப் பொருள்களை வீடுகளில் டெமோ காட்டி விற்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி, “அக்கா, மேட்டுப்பாளையத்தில் நன்றாகப் போகிற பொருள்களையே மேலேயும் எடுத்து வரலாமா?” என்று கேட்டிருந்தாள். தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதினால் மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்ப்பார்கள் என்று எழுதுகிறேன்.

அப்படியே எடுத்து வராதே, அம்மா. நிறுவனம் கொடுக்கும் கேட்லாக்கை எழுதியவர்கள் சமவெளியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் பை கட்டும்போது பார்ப்பது ஒன்றுதான். அந்த வீட்டு அம்மா தன் வீட்டுப் பருப்பையும் தன் வீட்டுத் தண்ணீரையும் வைத்துத் தானே சோதித்துப் பார்க்க முடிகிற பொருள் என்றால் பைக்குள் போகும். என் பேச்சை நம்பித்தான் வாங்க வேண்டும் என்றால் அது என் வீட்டிலேயே இருக்கட்டும். மினி பஸ்ஸில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துப் படிகளில் சுமந்து ஏறுகிறவளுக்குப் பையின் கனமும் ஒரு கணக்கு.

முதலில் குக்கர். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரி சற்றுத் தாழ்வு, ஆனாலும் 95-ஐ எட்டாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கப் போனால் எரிவாயுதான் தீரும். அதனால் குக்கர் இல்லாத வீடு இங்கே இல்லை. அதே காரணத்தால் நிறுவனத்தின் டெமோ புத்தகம் இங்கே பொய்த்துப் போகிறது. வெயிட் அதே வெயிட்தான். வெளிக்காற்று மெலிந்திருப்பதால் உள்ளே சேரும் மொத்த அழுத்தம் குறைகிறது. கடலோரத்தில் 120 டிகிரியை ஒட்டி நிற்கும் உள்வெப்பம் ஊட்டியில் நாலைந்து டிகிரி இறங்கிவிடுகிறது. புத்தகத்தில் போட்டிருக்கிற நிமிடத்தில் மூடியைத் திறந்தால் பருப்பு விறைப்பாக நிற்கும். பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் செய்வது வேறு. அவர்கள் வீட்டுப் பழைய குக்கரையும் என் குக்கரையும் ஒரே அடுப்பின் இரண்டு பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஒரே பருப்பு, ஒரே அளவு தண்ணீர். கடிகாரம் மாமியார் கையில். கட்டபெட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பழைய குக்கரின் கைப்பிடியோரம் ஆவி மெல்லிய கோடாகச் சீறிக்கொண்டே இருந்தது. வெயிட் அசையவே இல்லை. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இது என்ன, இந்தப் பக்கம் அழுகிறது?” என்றார். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது காஸ்கெட், காய்ந்து வெடித்திருந்தது. பையிலிருந்து அதே அளவு காஸ்கெட்டை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். பழைய குக்கர் உடனே விசில் அடித்தது. புதுக் குக்கர் அன்று விற்கவில்லை, சரி. ஆனால் அந்த வரிசையில் இருந்த வீடுகள் எல்லாம் தங்கள் குக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. அடுத்த மாதம் அதே ஹட்டியில் (படுகர் ஊரில்) இரண்டு பெரிய குக்கர்களுக்கு ஆர்டர் அவர்களாகவே சொன்னார்கள். எனவே காஸ்கெட், வெயிட், கைப்பிடி ஸ்க்ரூ இவை என் பையில் எப்போதும் உண்டு. கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும் பொருள்கள்தான் மலையில் கதவைத் திறக்கின்றன.

சாதாரண எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரைக் கீழேயே விட்டுவிடு. அழுத்தம் இல்லாத பாத்திரம் அது. தண்ணீர் குறைந்த சூட்டில் கொதித்து வற்றிப்போகும், சுவிட்ச் தானாக மேலே எழும்பும், சாதம் நடுவில் அரிசியாக இருக்கும்.

அடுத்தது காற்றுப் புகாத டப்பாக்கள். ஹோட்டல் அறையில் பயிற்சி கொடுப்பவர்கள் டப்பாவில் தண்ணீரை ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார்கள். மலையில் அதற்கு மேலான சோதனையை மலையே செய்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் மூடியைச் சரியாக அழுத்தி மூடி எடுத்து வா. குஞ்சப்பனை தாண்டிக் கோத்தகிரி வந்து சேரும்போது மூடி பூரி போல உப்பியிருக்கும். கீழே அடைத்த காற்று மேலே விரிகிறது. உப்பாமல் வந்த டப்பா எங்கேயோ கசிகிறது என்று பொருள். அதை டெமோவுக்கு எடுக்காதே. உப்பிய டப்பாவை வீட்டு அம்மா கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு நான் பேசத் தேவையே இல்லை. இதே காரணத்தால் ஷாம்பூ பாட்டில்களையும் டியூப்களையும் நிற்க வைத்து எடுத்து வர வேண்டும். படுக்க வைத்தால் திறந்தவுடன் பாதி புடவையில்.

மழைக்காலத்தில் இன்னொன்று செய்வேன். அவர்கள் வீட்டு முறுக்கில் நாலு என் டப்பாவில், நாலு அவர்கள் டப்பாவில். ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று டப்பாவை அங்கேயே விட்டுவிடுவேன். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்து நிற்கும் ஈரம் இது, நமுத்துப்போகாத முறுக்கு தானே பேசும்.

மார்கழி, தையில் தேங்காய் எண்ணெய் கலந்த தலைமுடி எண்ணெயை எடுத்து வந்தால், அதை வெயிலில் வைத்து உருக்குவதிலேயே டெமோ முடிந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். இங்கே அந்த மாதங்களில் நண்பகலிலேயே அந்தச் சூடு கிடைப்பதில்லை. அதோடு, ஹெத்தை ஹப்பா பண்டிகை நடக்கும் நாட்களில் படுகர் ஊர்களில் டெமோவுக்கு நேரம் கேட்காதே. ஊரே வேறு வேலையில் இருக்கும்.

*

குன்னூர் அண்ணன்

கோத்தகிரித் தங்கை எழுதியதைப் படித்ததும் எனக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி நினைவுதான் வந்தது. சில வருடம் அந்த வேலையில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

எங்களுக்குக் கொடுத்த டெமோ பெட்டியில் முக்கியமான பொருள் ஒரு சின்ன மின்கருவி. இரண்டு ஜோடிக் கம்பிகள் இருக்கும். ஒரு ஜோடியை வீட்டுக் குழாய்த் தண்ணீரில், இன்னொரு ஜோடியை எங்கள் ஆர்.ஓ. கருவி கரைந்த உப்பையும் நீக்கித் தரும் தண்ணீரில் இறக்கி மின்சாரம் கொடுத்தால், குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சேறு மாதிரிப் பழுப்பாகும். ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். “பாருங்கள், இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்” என்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் இதற்கு மயங்காத வீடே இல்லை.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியிலிருந்து கரைகிற இரும்பு. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். உப்பு இல்லாவிட்டால் பாயாது, கரையாது. அவ்வளவுதான் வித்தை.

கோத்தகிரிக்கு மேலே ஓர் ஊரில், ஊற்றுத் தண்ணீர் வரும் வீடு. என் மேலாளரே டெமோ காட்ட வந்திருந்தார். கம்பியை இறக்கினார், சுவிட்சைப் போட்டார், பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு டம்ளரும் கண்ணாடி மாதிரி நின்றன. மலை ஊற்றில் கரைந்த உப்பு அவ்வளவு குறைவு. மேலாளர் பிளக்கைக் கழற்றி மாட்டினார். வீட்டு அம்மா பள்ளிக்கூட டீச்சர். விஞ்ஞானம் எடுப்பவர் என்று எங்களுக்குத் தெரியாது. சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுக் கலக்கி, “இப்போது போடுங்கள், சார்” என்றார். எங்கள் டம்ளர்தான் பழுப்பானது. அதற்குப் பிறகும் தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் குறைவாக இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. கருவிக்குத் தடை கொண்டு வரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. அந்த வீட்டில் எங்கள் மீட்டர் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆர்.ஓ. எதற்கு? மழைக்காலத்தில் இங்கே வருவது கலங்கலும் கிருமியும்தான். வடிகட்டியை எடுத்துப் போங்கள், கலங்கிய தண்ணீரை அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். கொதிக்கவைத்துக் குடிக்கிற வீட்டிடம், 6,500 அடிக்கு மேலே ஒரு நிமிடம் போதாது, மூன்று நிமிடம் கொதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். விற்காவிட்டாலும் அடுத்த முறை கதவு திறக்கும்.

*

மேல்மலைக்காரர்

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. பூம்பாறை, மன்னவனூர் வரை போகிறேன். எங்கள் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் பிளக். இரண்டாயிரம் வாட் இண்டக்ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டில் இருப்பது ஃபேனுக்கும் செல்போனுக்குமான சின்ன பிளக் மட்டும். காற்றும் மழையும் அடித்தால் அதிலும் மின்சாரம் இராது. அதனால் என் பையில் பாதியாவது மின்சாரம் வேண்டாத பொருளாக இருக்கும். பிளாஸ்க் நன்றாகப் போகிறது. வந்தவுடன் அவர்கள் போட்ட தேநீரையே அதில் ஊற்றி மூடிவிடுவேன். மற்றதை எல்லாம் காட்டி முடித்துக் கிளம்பும்போது திறந்து ஊற்றுவேன். பூண்டுக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பணம் எப்போது வரும் என்பதையும் பார்த்துத்தான் பை கட்டுகிறேன். பூண்டு விற்ற பிறகு பெரிய பொருள். நடவு சமயத்தில் காய் சீவும் கத்தி, வடிகட்டி.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நான் முன்பு இருந்த நிறுவனம் ‘டெமோ கிட்’ என்று ஒரு பெட்டியை என் காசில் வாங்கினால்தான் அடையாள அட்டை என்றது. அந்தப் பெட்டியில் பாதி இந்த மலையில் யாருக்கும் பயன்படாத சாமான். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளில், டெமோ சாதனத்தை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிக் கேட்காமலும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான்.

*

அருவங்காடு குடும்பத்தலைவி

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்தால் நல்லது: பதினைந்து பொருளைத் தரையில் பரப்பினால் எதையும் சரியாகப் பார்க்க முடிவதில்லை. குழந்தைகள் ஒரு பக்கம் இழுக்கும். மூன்று, நாலு போதும். அதிலும் ஒன்று நூறு, இருநூறு ரூபாய்க்குள் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாரே என்று வந்து உட்கார்ந்தவள் வெறுங்கையோடு எழுந்து போகக் கூச்சப்படுவாள். அதற்காக ஆயிரம் ரூபாய்ப் பொருளை அவள் தலையில் கட்டாதீர்கள்.

வாக்குவம் கிளீனர் காட்ட ஒருவர் வந்தார். எங்கள் வீட்டில் கம்பளமே கிடையாது என்று பார்த்த பிறகும் மெத்தையைத் தட்டித் தூசி எடுத்துக் காட்டினார். தூசி வந்தது, சந்தேகமில்லை. மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்ற புத்தி எனக்கு வந்தது. அவருக்கு ஆர்டர் வரவில்லை.

இன்னொன்று, பொருளைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

*

கோத்தகிரிக்காரி

அருவங்காட்டு அக்கா சொன்னது சரி. உறைகளைக் கீழேயே பிரித்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வருவது நல்லது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளைப் பார்த்தால் இறக்கி வைத்துவிடுவார்கள். தங்கை பஸ்ஸில் வந்தால் கவலை இல்லை. வெளி மாவட்ட வண்டியில் வந்தால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

குன்னூர் அண்ணா, அந்த டீச்சரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். என் டப்பாவையும் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

தங்கை தனியாகக் கேட்ட கடைசிக் கேள்வி, டேபிள் டாப் கிரைண்டர் கொண்டு வரலாமா என்பது. டெமோவுக்கு வேண்டாம். பத்துக் கிலோவுக்கு மேல் கல்லைச் சுமந்து ஏறி, மாவு அரைத்துக் காட்டலாம். அந்தக் குளிரில் அது மறுநாள் காலையிலும் பொங்கியிருக்காது, பழி கிரைண்டர்மேல் விழும். படத்தை மட்டும் கொண்டு வா. ஏற்கெனவே வாங்கிய வீடு பக்கத்தில் இருந்தால், அங்கே அழைத்துப் போய் ஓடுவதைக் காட்டு. வரும் வியாழக்கிழமை நான் அரவேணுப் பக்கம் போகிறேன். காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்தால் சேர்ந்து போகலாம், காஸ்கெட் அளவுகளை நானே எடுத்து வருகிறேன்.