ஆரணியாற்றுக் காடுகளில் காளான் கணக்கெடுப்பு: அனுபவப் பகிர்வு

பொன்னேரி:
பழவேற்காட்டில் கடல் சேர்ற ஆரணியாறு பிறக்கிறது ஆந்திர மலைக்காட்டில். அதனால அந்த மாநில வனத்துறை அனுமதிக்கு மழைக்கு முன்னாடியே எழுதிடுங்க. முதல் கனமழைக்கு அப்புறம் ஐந்தாறு நாள் விட்டுப் போங்க. ஓடைக்கரை, சரிவு, மேடு மூணுலயும் 50 மீட்டர் கயிறு இழுத்து, இருபக்கமும் 2 மீட்டர் மட்டும் தேடணும். அதே தடத்துக்கு டிசம்பர் முடியிற வரை 10–14 நாளுக்கு ஒருதரம் போகணும். மெல்லிசு குடைங்க (மண்ணுக்கு மேல தெரியற காளான்) ஒண்ணு ரெண்டு நாள்ல அழுகிடும், ஒரே நடையில பாதி தப்பிடும். குடையை எண்ணாதீங்க. மண்ணுக்குள்ள நூல் நூலாப் பரவியிருக்கிற ஒரே பூசண வலையிலிருந்து நூறு குடை வரலாம். கயிற்றை 5 மீட்டர் துண்டாப் பிரிச்சு, பத்துல எத்தனை துண்டில் அந்த இனம் இருந்ததுன்னு குறிங்க.

திருவொற்றியூர்:
பொன்னேரி அண்ணே சொன்ன துண்டுக் கணக்குதான் சரி. பறிக்கும்போது தண்டைக் கிள்ளாம கத்தியால தோண்டி எடுங்க. புற்றுக்காளானுக்கு வேர் மாதிரி ஒண்ணு கறையான் கூடு வரை இறங்கும், அது அறுந்தா முக்கிய அடையாளமே போச்சு. பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், வேர்த்து சில மணி நேரத்தில் கூழாகிடும். காகிதக் கவரில், இனத்துக்கு ஒண்ணா வையுங்க. அன்னைக்கு ராத்திரியே தண்டை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் செவுள் (குடைக்கு அடியில் இருக்கிற மடிப்பு) கீழே பார்க்கக் குடையை வெச்சு டம்ளரால மூடுங்க. காலையில் தாளில் விழுந்த ஸ்போர் தூள் (காளானோட விதை மாதிரி) இளஞ்சிவப்பா இருந்தா புற்றுக்காளானுக்குப் பொருந்தும். பச்சையா விழுந்தா அது வாந்தி பேதி தர்ற குளோரோபில்லம்ங்கிற விஷக் காளான். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சமைக்காதீங்க.

ராயபுரம்:
நம்ம ஏரியாவில் மாதிரிங்க கெடுறது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். மொட்டைமாடியில் காயவெச்சா சாயங்காலக் கடல்காத்து ஈரத்தைத் திருப்பி ஏத்திடும், ரெண்டே நாள்ல பூஞ்சை. டீஹைட்ரேட்டரில் (உலர்த்துற பெட்டி) 40–45 டிகிரி, ராத்திரி முழுக்க, ஒடிச்சா 'பட்'னு முறியணும். அவசரத்துக்குச் சூட்டை ஏத்தினா காளான் வெந்துடும், அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் செல் அமைப்பு சரியாத் தெரியாது. டிஎன்ஏவுக்கு அரிசி அளவு சதையைச் சூடு காட்டும் முன்னாடியே தனியா ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லில் போடுங்க. காஞ்சதை ஆற வெச்சவுடனே ஜெல்லோட ஜிப் கவரில் மூடி, பூச்சி முட்டை சாக ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்க. வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காதீங்க, அறைச்சூட்டுக்கு வரணும். இல்லேன்னா உள்ளே தண்ணி கோத்துக்கும்.