சோலையம்மாள் பேரப்பிள்ளைகள்

மாலா: நாளை மறுநாள் காலை ஆபரேஷன். மயக்க டாக்டர் இன்று வந்து பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்று கேட்டார். எதற்கு அது?

செந்தில்: கொடைக்கானல்!

பெரிய மாமா: என் பட்டு வேட்டி.

மாலா: இன்னும் விடமாட்டீர்களா மாமா

கவிதா: அக்கா, அவர் சும்மா கேட்கவில்லை. பெண்கள், சிகரெட் பழக்கம் இல்லாதவர்கள், பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள், இவர்களுக்கு மயக்கம் தெளிந்த பிறகு குமட்டல் அதிகம். மார்ஃபின் மாதிரி வலி ஊசி போட்டால் இன்னும் கூடும். உனக்கு எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் வேறு, இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதனால் டெக்ஸாமெத்தசோன், ஆன்டான்செட்ரான் என்று இரண்டு மூன்று மருந்தை முன்கூட்டியே சேர்த்துப் போடுவார்கள். சிசேரியன் முடிந்து வாந்தி எடுத்தாயே, அதையும் மறக்காமல் சொல்.

செந்தில்: அப்போ சிகரெட் பிடித்தால் வாந்தி வராதா?

பெரிய மாமா: எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவிதா: மாமா, அதை நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷனுக்கே வரச் சொல்வார்கள்.

சித்தி: என்ன ஆபரேஷன்? வழக்கம் போல எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாலா: போன் போட்டேன் சித்தி, நீங்கள் எடுக்கவில்லை

சித்தி: அது பழைய நம்பர். சரி, வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு ஆட்டுக்கால் சூப் கொண்டுவருகிறேன்.

கவிதா: ஐயோ, சொம்பா! முதலில் தண்ணீரே 15 நிமிடத்துக்கு ஒருமுறை 30 மில்லிதான், அதுவும் உறிஞ்சி உறிஞ்சி. மடக்கென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். ஸ்ட்ரா, சோடா கூடாது. சில வாரம் கழித்துச் சோறு ஆரம்பித்தாலும் கூழாகும் வரை மெல்ல வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் தொடக் கூடாது, அரை மணி கழித்துத்தான். வாந்தி நிற்கவில்லை என்றால் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே டாக்டர். நாள்கணக்கில் போனால் தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்து மூளை, நரம்பு வரை பாதிக்கும். வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் போதாது, அதற்கு முன் தயமின் போட வேண்டும்.

சித்தி: எலும்பை எடுத்துவிட்டு வடிகட்டித் தருகிறேன்.

கவிதா: சித்தி...

செந்தில்: ராத்திரி யார் தங்குவது? ஒரு ஆளைத்தான் விடுவார்களாம்.

சித்தி: நான்.

பெரிய மாமா: சரோஜா வருவதாகச் சொன்னாளே.

சித்தி: அவள் வந்தால் நான் வரவில்லை.

மாலா: யாராவது ஒருத்தர் வாருங்கள்

பெரிய மாமா: அது இருக்கட்டும், காதுகுத்துக்கு வேன் 14 சீட்டா, 18 சீட்டா? டிரைவர் கேட்கிறான்.

செந்தில்: சித்தி வருகிறார்களா என்று தெரிந்தால் சொல்கிறேன்.